பாலிக்குப் போகிறவர்களின் பணக் கேள்விகள்

மதுரையிலிருந்து சிறு குழுக்களை இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கு அழைத்துச் செல்வது என் தொழில். கிளம்புவதற்கு முன் வருகிற கேள்விகளில் பாதி பணத்தைப் பற்றியவை. சமீபத்தில் வந்தவற்றில் சிலவும் என் பதில்களும் இதோ.

அக்கா, ஒரு காப்பி 35,000 என்று என் தம்பி அங்கிருந்து மெனு அட்டையைப் படம் எடுத்து அனுப்பினான். இந்தப் பூஜ்யங்களை வைத்துக்கொண்டு எப்படிக் கணக்குப் பார்ப்பது? (ஈரோடு)

கடைசி மூன்று பூஜ்யங்களை மறந்துவிட்டு மீதியை ஐந்தால் பெருக்கி, கொசுறாகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பி குடித்த காப்பி நம் பணத்தில் ஏறத்தாழ 180 ரூபாய். ஒரு லட்சம் ரூபியா (அதுதான் அவர்கள் பணம்) என்றால் நம் பணத்தில் ஐநூற்றுச் சொச்சம். மாற்று விகிதம் ஏறி இறங்கும், ஆனால் கடைவீதிக் கணக்குக்கு இது போதும். அங்கே ஆயிரத்துக்கு ‘ரிபு’ என்பார்கள், பத்து லட்சத்துக்கு ‘ஜுத்தா’. பல மெனு அட்டைகளில் வெறும் 50 என்று இருந்தால் அது 50,000.

பெருக்கலைவிட எனக்குக் கவலை தருவது தாள்களின் நிறம். ஒரு லட்சம் சிவப்பு, பத்தாயிரம் ஊதா. இரவில் டாக்சிக்குள் இருட்டில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பெரிய தாள்களை ஒரு பையிலும் சில்லறைத் தாள்களை வேறு பையிலும் வையுங்கள்.

டாலரா, கார்டா, நம் ரூபாயா? எதை எடுத்துப் போவது? (திருச்சி)

நம் ரூபாயைச் செலவுக்கு நம்பாதீர்கள். டாலர் கொஞ்சம், கார்டு ஒன்று, மாற்றாக இன்னொரு கார்டு. டாலர் தாள் மடிப்பு, கிறுக்கல், கிழிசல் இல்லாமல் புதிதாக இருக்க வேண்டும். மடித்த நூறு டாலரைத் திருப்பித் தருவார்கள் அல்லது குறைந்த விலைக்குக் கேட்பார்கள். 2020 அக்டோபர் முதல் புதிய இந்திய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு நாமாக இயக்கினால்தான் வேலை செய்யும். இதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். பாலியின் தென்பசார் விமான நிலையத்தில் நின்றுகொண்டு வங்கிக்கு போன் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏ.டி.எம். இயந்திரத்தில் 50,000 அல்லது 100,000 என்று ஒட்டியிருக்கும். அது எந்தத் தாள் வரும் என்பதற்கான அடையாளம். பெரிய தாள் தருகிற இயந்திரத்தில் ஒரே தடவையில் அதிகம் எடுக்கலாம், கட்டணம் மிச்சம். உங்கள் கணக்கில் இந்திய ரூபாயாகவே கழிக்கட்டுமா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த உபகாரத்தில் அவர்கள் வைக்கும் விகிதம் நமக்கு நஷ்டம். இன்னொன்று: சில இயந்திரங்கள் பணத்தை முதலில் தந்துவிட்டு கார்டைப் பிறகுதான் தரும். பணம் வந்த மகிழ்ச்சியில் நடையைக் கட்டிவிடாதீர்கள்.

பணம் மாற்றும் கடைகளில் ஏமாற்றுகிறார்களாமே? (நாகர்கோவில்)

என்னையே ஏமாற்றியிருக்கிறார்கள். பல வருடங்களுக்கு முன், பாலியில் கூட்டா என்ற ஊரில் துணிக்கடைக்குள் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஆளிடம் 300 டாலர் மாற்றினேன். வெளியே பலகையில் மற்ற எல்லாரையும்விட நல்ல விகிதம். டாலருக்கு 15,000 வீதம் 45 லட்சம் ரூபியா, 50,000 தாள்களில் 90. அவர் எண்ணினார், சரியாக இருந்தது. நானும் எண்ணினேன், சரியாக இருந்தது. “சீராக அடுக்கித் தருகிறேன்” என்று கட்டைத் திரும்ப வாங்கி மேசையில் தட்டித் தந்தார். விடுதிக்கு வந்து எண்ணினால் 83. தட்டும்போது ஏழு தாள்கள் மேசைக்குப் பின்னால் விழுந்திருக்கின்றன. சந்தையில் கத்தரிக்காய்கூட எடை பார்த்து வாங்குகிறவள் நான்!

அதனால் இப்போது என் விதி ஒன்றே ஒன்று. கடைசியாக எண்ணும் கை என் கையாக இருக்க வேண்டும். அதன் பிறகு அவர் தொட்டால் முதலிலிருந்து மறுபடி எண்ணுவேன். பலகையில் விகிதம் மிக அழகாக இருந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுவேன். மத்திய வங்கியான பாங்க் இந்தோனேசியாவின் உரிமச் சின்னம் ஒட்டிய, கண்ணாடிக் கதவு போட்ட, ரசீது தருகிற கடைகள் இருக்கின்றன. அங்கே விகிதம் சற்றுக் குறைவாக இருக்கலாம், தாள் குறையாது.

உணவகத்தில் டிப்ஸ் கட்டாயமா? (சென்னை)

இல்லை. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று பொருள். வரி 10 சதவீதம், சேவைக் கட்டணம் 5 முதல் 10 வரை. சேவையைச் சேர்த்த தொகைக்கு வரி போடுவதால், ஒரு லட்சம் என்று நினைத்துச் சாப்பிட்டது 1,21,000 ஆகலாம். அங்கே மேற்கொண்டு ஒன்றும் வைக்க வேண்டியதில்லை. ‘வாருங்’ எனப்படும் சிறு சாப்பாட்டுக் கடைகளில் யாரும் எதிர்பார்ப்பதில்லை, மீதிச் சில்லறையை விட்டுவந்தால் போதும். அவர்களிடம் சில்லறை இல்லாவிட்டால் மிட்டாய் தருவதும் உண்டு. நம் ஊர் நினைவு வந்துவிடும்.

எங்களுக்கு மூன்று நாளும் ஒரே டிரைவர். எவ்வளவு கொடுக்கலாம்? “பேசிய வாடகைக்கு மேல் எதற்கு” என்கிறார் என் கணவர். (கோயம்புத்தூர்)

கணவர் சொல்வதில் தவறில்லை, கட்டாயம் கிடையாது. ஆனாலும் நான் கொடுப்பேன். காலை எட்டு மணிக்கு வந்து, நாம் அருவியில் குளிக்கும் வரை வண்டியில் காத்திருந்து, குழந்தை வாந்தி எடுத்ததைத் துடைத்து, இரவு விடுதியில் இறக்கிவிடுகிற மனிதர் அவர். முழு நாளுக்கு 50,000, சிரமமான நாளானால் ஒரு லட்சம். மதிய உணவுக்கும் கேளுங்கள். பத்தூர் எரிமலைக்கு விடியற்காலையில் வழிகாட்டி ஏற்றிவிடுகிறவருக்கும் இதே அளவு. மசாஜ் செய்கிறவருக்கு 20,000 முதல் 50,000, பெட்டி தூக்குகிறவருக்கு 10,000.

கல்லாவில் கொடுக்காதீர்கள், அந்த நபரின் கையிலேயே கொடுங்கள், வலது கையால். பாலியிலும் இடது கை மரியாதைக் குறைவுதான்.

உலுவாத்து கோயிலில் குரங்குக்குக்கூட டிப்ஸ் உண்டாமே, நிஜமா? (தஞ்சாவூர்)

ஏறக்குறைய! மூக்குக்கண்ணாடியையும் செல்போனையும் பிடுங்கிக்கொண்டு, தின்ன ஏதாவது தந்தால்தான் விடும். விலை உயர்ந்த பொருளுக்குக் கூடுதல் தீனி கேட்கின்றன என்று ஆராய்ந்தே எழுதியிருக்கிறார்கள். மீட்டுத் தருகிற ஆள் கொஞ்சம் பணம் எதிர்பார்ப்பார், கொடுத்துவிடுங்கள். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்து ஜிப் போட்டால் அந்தச் செலவும் இல்லை.

போனதும் கட்ட வேண்டியது என்ன? (சேலம்)

வந்திறங்கியபின் பெறும் விசாவுக்கு 5,00,000 ரூபியா. 2024 பிப்ரவரி 14 முதல் பாலிக்கு மட்டும் தனியாகச் சுற்றுலாக் கட்டணம் 1,50,000. இரண்டையும் கிளம்பும் முன்பே இணையத்தில் கட்டலாம்.

மிஞ்சும் ரூபியாவை என்ன செய்வது? டிரைவருக்கு நம் ரூபாய் கொடுத்தால் வாங்கிக்கொள்வாரா? (கோயம்புத்தூர், மறுபடியும்)

சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். பிறகு அதை எங்கே மாற்றுவார்? ஊர் வந்தபின் ரூபியாவை மாற்றினால் உங்களுக்கும் நல்ல விலை கிடைக்காது. கடைசி நாள் விமான நிலையத்துக்கு அவர்தானே கொண்டுவந்து விடுவார்? ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அவரிடமே கொடுத்துவிடுங்கள். கணவரிடம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.