வைரஸ் தடுப்பு மென்பொருள் அழைத்துவரும் வேண்டாத நீட்சிகள்: கேள்வி பதில்

நாகர்கோவில் வடசேரியில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வைரஸ் தடுப்பு மென்பொருள் போட்ட பிறகு பிரவுசரில் புதிதாக வந்து உட்காரும் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு ஓடும் குட்டி மென்பொருள்களான நீட்சிகள், பற்றி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கேள்விகளில் இருந்த மென்பொருள் பெயர்களை எடுத்துவிட்டேன். இந்த விஷயத்தில் மென்பொருளுக்கு மென்பொருள் பெரிய வித்தியாசம் இல்லை.

தக்கலை, இ-சேவை மையம்: அண்ணா, ஆன்டிவைரஸைப் புதுப்பித்ததிலிருந்து குரோமில் எதைத் தேடினாலும் வேறொரு தேடுபொறி வருகிறது. முன்பே வைத்திருந்த விளம்பரத் தடுப்பானும் குழம்புகிறது. சில அரசுத் தளங்களில் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. நீட்சியை நீக்கினாலும் மறுபடி வந்துவிடுகிறது.

நீக்குகிற வரிசைதான் தவறு, தம்பி. எல்லாரும் பிரவுசரில் தொடங்குகிறார்கள். அனுப்பி வைக்கிற ஆள் வெளியே இருக்கும்போது உள்ளே துடைத்து என்ன பயன்? முதலில் ஆன்டிவைரஸின் அமைப்புகளுக்குப் போய், இணையப் பாதுகாப்பு, தேடல் பாதுகாப்பு போன்ற பெயர்களில் இருப்பவற்றில் பிரவுசர் நீட்சி தொடர்பானதை அணைத்துவிடுங்கள். அடுத்து விண்டோஸில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைப் பாருங்கள். அதே நிறுவனத்தின் பெயரில் இரண்டாவதாக ஒரு செயலி தனியாக இருக்கலாம். பலருக்கு அது இருப்பதே தெரியாது. நீட்சியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வது பெரும்பாலும் அதுதான். அதை நீக்குங்கள். கடைசியில்தான் குரோமில் நீட்சியை நீக்கி, தேடுபொறியைப் பழையபடி மாற்ற வேண்டும்.

உங்கள் மையத்தில் யாரோ ஒருவர் 'அனுமதி' கொடுத்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து ஒரு மென்பொருள் சத்தமில்லாமல் நீட்சி போடுவதை விண்டோஸ் குரோமில் 2013லேயே தடுத்துவிட்டார்கள். பயர்பாக்ஸ் 2011 முதலே பயனரைக் கேட்டுவிட்டுத்தான் அனுமதித்தது. 2020இல் அந்த வழியையே அடைத்துவிட்டது. ஆனால் வரிசையில் பத்துப் பேர் சான்றிதழுக்கு நிற்கும்போது, 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது' என்று ஒரு பெட்டி வந்தால் யார் படித்துப் பார்ப்பார்கள்? அதை எதிர்பார்த்தே அந்தப் பெட்டியை வடிவமைக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

தேடுபொறி, புதிய டேப் இரண்டையும் ஒரு நேரத்தில் ஒரு நீட்சிதான் கட்டுப்படுத்த முடியும். குரோமில் பிந்தி வந்ததன் கைதான் ஓங்கும். விளம்பரத் தடுப்பான் கதை வேறு. கேரள எல்லையான களியக்காவிளையில் ஒரே லாரியை இந்தப் பக்கக் காவலரும் அந்தப் பக்கக் காவலரும் அடுத்தடுத்து நிறுத்துவது போல, ஒரே பக்கத்தை இரண்டு நீட்சிகள் பிரித்துப் பார்க்கின்றன. ஒன்று விட்டதை மற்றொன்று தடுக்கிறது, பட்டன் செத்துக் கிடக்கிறது. எது காரணம் என்று அறிய எல்லா நீட்சிகளையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

கருங்கல், ஆசிரியை: சார், வீட்டு மடிக்கணினியில் குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று வருகிறது. எனக்கு எந்த நிறுவனமும் இல்லையே?

அலுவலகங்களுக்காக வைத்த வசதி அது, டீச்சர். கொள்கை என்ற பெயரில் நிர்வாகி ஒரு நீட்சியைக் கட்டாயமாக்கினால், பயனரால் அதை நீக்க முடியாது. நீக்கும் பொத்தானே இருக்காது. சில பாதுகாப்பு மென்பொருள்களும் இந்த வழியைப் பயன்படுத்துகின்றன, தீய மென்பொருள்களும் பயன்படுத்துகின்றன. முகவரிப் பட்டையில் 'குரோம்://பாலிசி' என்று ஆங்கிலத்தில் அடித்தால் யார் என்ன விதித்திருக்கிறார்கள் என்று தெரியும். உங்கள் ஆன்டிவைரஸ் வைத்ததாக இருந்தால் அதை நிறுவல் நீக்கியதும் பெரும்பாலும் போய்விடும். பெயர் புரியாத நீட்சி கட்டாயப் பட்டியலில் இருந்தால் அந்தக் கணினியில் வங்கி வேலை செய்யாதீர்கள். பள்ளி கொடுத்த கணினியாக இருந்தால் மட்டும் கை வைக்க வேண்டாம்.

பார்வதிபுரம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: தம்பி, பாதுகாப்புக்கு என்று வந்த நீட்சி நான் பார்ப்பதையெல்லாம் பார்க்குமா? அப்படியானால் அதை எப்படி நம்புவது?

பார்க்கும், சார். 'எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்ற அனுமதியை வாங்கிக்கொண்டுதான் வருகிறது. தளம் நல்லதா கெட்டதா என்று சொல்ல முகவரியாவது தெரிய வேண்டும், அதுவரை நியாயம்தான். அதற்கு மேல் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

அவாஸ்ட் நிறுவனத்தின் கதை இதற்குப் பதிவான சான்று. பயனர்கள் எங்கெங்கே போகிறார்கள் என்ற விவரம் அதன் நீட்சிகள் வழியாகவும் ஆன்டிவைரஸ் வழியாகவும் சேர்க்கப்பட்டு, ஜம்ப்ஷாட் என்ற அதன் துணை நிறுவனம் மூலம் விற்கப்பட்டது. 2019 டிசம்பரில் பயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொஸில்லா, அவாஸ்டின் நீட்சிகளையும் அதே நிறுவனத்தின் இன்னொரு ஆன்டிவைரஸான ஏவிஜியின் நீட்சிகளையும் தன் தளத்திலிருந்து எடுத்தது. 2020 ஜனவரியில் ஜம்ப்ஷாட்டை மூடுவதாக அறிவித்தார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. விளம்பரத்துக்காக உலாவல் தரவை விற்கவும் தடை போட்டது. கண்காணிப்பைத் தடுக்கும் என்று சொல்லி விற்ற பொருள் இது என்பதுதான் எரிச்சல்.

அதற்கு முன்பே, 2015 டிசம்பரில், ஏவிஜியின் ஒரு குரோம் நீட்சியில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதைக் கூகுள் ஆய்வாளர் ஒருவர் வெளியிட்டார். சுமார் 90 லட்சம் பேரிடம் அது இருந்தது. ஆகவே ஆன்டிவைரஸ் இருக்கட்டும், அதன் நீட்சி வேண்டாம் என்பதே என் பதில். கோப்புகளைச் சோதிக்கும் வேலைக்கு நீட்சி தேவையில்லை.

மார்த்தாண்டம், வரி ஆலோசனை அலுவலகம்: ஆன்டிவைரஸ் மாற்றிய பிறகு ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையொப்பம் போட முடியவில்லை. நீட்சியை நீக்கியும் சரியாகவில்லை. கணக்குத் தாக்கலுக்கான 20ஆம் தேதி நெருங்குகிறது.

இங்கே நீட்சியைவிட, பாதுகாக்கப்பட்ட இணைப்புகளைச் சோதிக்கும் வசதியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றை ஆன்டிவைரஸ் தன் பெயரில் விண்டோஸில் பதித்துவிட்டு, பிரவுசருக்கும் தளத்துக்கும் நடுவில் உட்கார்ந்து படிக்கிறது. கையொப்ப மென்பொருள் உங்கள் கணினியிலேயே ஓடுகிறது; பிரவுசர் அதனுடன் 127.0.0.1 என்ற உள்முகவரி வழியாகப் பேசுகிறது. நடுவில் ஆள் நுழைந்தால் அந்தப் பேச்சு முறியலாம். ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் அந்த மென்பொருளையும் அந்த உள்முகவரியையும் சேர்த்துப் பாருங்கள். அவசரத்தில் முழுப் பாதுகாப்பையும் அணைத்துவிட்டு அப்படியே மறந்துவிடாதீர்கள். அந்தக் கணினியில் வாடிக்கையாளர்களின் பான் எண்ணெல்லாம் இருக்கிறது.

குளச்சல், கல்லூரி மாணவர்: அண்ணா, என் விளம்பரத் தடுப்பானை ஆன்டிவைரஸ் அணைத்துவிட்டது. 'இனி ஆதரவு இல்லை' என்று காட்டுகிறது.

இந்தக் குற்றத்துக்கு ஆன்டிவைரஸ் பொறுப்பில்லை. நீட்சிகளுக்கான பழைய விதிமுறையைக் கூகுள் நிறுத்திவிட்டது. 2025இல் யூபிளாக் ஆரிஜின் போன்ற விளம்பரத் தடுப்பான்கள் குரோமில் அணைந்தது அதனால்தான். யூபிளாக் ஆரிஜினின் லைட் பதிப்பு குரோமில் ஓடும். முழுப் பதிப்பு வேண்டுமென்றால் பயர்பாக்ஸுக்கு மாறுங்கள்.

திங்கள்சந்தை, துணிக்கடை: கடவுச்சொல் பெட்டியில், கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் இரண்டு மேலாளர் நீட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மறைக்கின்றன.

ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்றில் சேமித்ததை ஏற்றுமதி செய்து எடுத்துக்கொண்ட பிறகு நீக்குங்கள். அந்த ஏற்றுமதிக் கோப்பில் கடவுச்சொற்கள் வெளிப்படையாக இருக்கும்; வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

குலசேகரம், ரப்பர் வியாபாரம்: ஆன்டிவைரஸின் நீட்சி தேடல் முடிவுகளில் பச்சைக் குறி போடுகிறதே, அதை நம்பிப் பணம் அனுப்பலாமா தம்பி?

கூடாது, அண்ணாச்சி. நேற்று இரவு தொடங்கிய போலித் தளத்துக்கு இன்று காலையில் சிவப்புக் குறி வந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. தெரிந்த மோசடித் தளங்களைக் குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ் மூன்றுமே எந்த நீட்சியும் இல்லாமல் எச்சரிக்கின்றன. விலை பார்க்கும் கோட்டயம் ரப்பர் வாரியத் தளத்தையும் வங்கித் தளத்தையும் புக்மார்க் செய்து அதிலிருந்தே திறந்துகொள்ளுங்கள். தேடிப் போகவே வேண்டாம்.

ஆரல்வாய்மொழி, இல்லத்தரசி: இத்தனை தொல்லை என்றால் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கவே வேண்டாமா?

வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் போதும், அக்கா. வேறொன்றைப் போட்டால் அது தானாக ஒதுங்கும். நீக்கினால் தானாகத் திரும்பும். முதலில் உங்களிடம் இருப்பது விண்டோஸ் 10ஆ என்று பாருங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. கணினி தாங்குமானால் விண்டோஸ் 11க்கு மாற்றுங்கள்; ஆன்டிவைரஸ் சந்தாவுக்கு வைத்திருக்கும் பணம் அந்த வேலைக்கு உதவும்.