வார்டில் ஓடுகிற மென்பொருள்: கேள்வி பதில்

9 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக வார்டில் வேலை பார்த்தேன். அதன்பின் 14 வருடமாக மருத்துவமனைகளுக்கு மென்பொருள் கொண்டுவரும் திட்டங்களை நடத்திவருகிறேன். கேட்டவர்களின் ஊரையும் வேலையையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

மதுரை, ஐடி மேலாளர்: மேடம், எங்களுடையது 200 படுக்கை மருத்துவமனை. ஏப்ரல் 1 அன்று எல்லாத் துறையும் ஒரே நாளில் புது மென்பொருளுக்கு மாற வேண்டும் என்கிறது நிர்வாகம். சரிவருமா?

கணக்குப் பிரிவுக்கு அது வசதியான நாள்தான். ஆனால் அன்று காலை வார்டுகளில் நூற்றைம்பது பேராவது படுத்திருப்பார்கள். அவர்கள் கட்டிய அட்வான்ஸ், பாதி ஏறிய பில், ஓடிக்கொண்டிருக்கிற மருந்து எல்லாம் பழைய மென்பொருளில் இருக்கும். நான் பார்த்த ஓரிடத்தில் அட்வான்ஸ் தொகைகளை மாற்ற விட்டுப்போயிற்று. மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் கவுண்டரில் ஒரு பையன் 40,000 ரூபாய் ரசீதோடு நின்றான். "அம்மா நகையை அடகு வைச்சுக் கட்டினது மேடம்" என்றான். திரையில் பூஜ்யம். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஓபி பதிவையும் பில்லிங்கையும் முதலில் மாற்றுங்கள். அது நிலைத்ததும் லேப், ஃபார்மசி, கடைசியாக வார்டு. வார்டு மாறுவதற்கு முந்தின இரவு, படுக்கை படுக்கையாக இரண்டு பேர் உட்கார்ந்து அட்வான்ஸையும் மருந்தையும் சரிபார்க்க வேண்டும். ஒரே இரவில் முடிகிற வேலைதான். அப்புறம், திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம். ஓபி கூட்டம் அன்றுதான் அதிகம்.

கோவை, திட்ட ஒருங்கிணைப்பாளர்: மூத்த மருத்துவர்கள் கணினியில் மருந்து எழுத மறுக்கிறார்கள். என்ன செய்தும் நடக்கவில்லை.

அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். லாஸ் ஏஞ்சலிஸில் சீடர்ஸ்-சினாய் என்ற பெரிய மருத்துவமனை 2002 இறுதியில் இப்படியொரு முறையைக் கொண்டுவந்தது. நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் எதிர்த்ததால் 2003 ஜனவரியில் அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. நேரம் போகிறது என்பதுதான் அவர்களின் முக்கியமான குறை. பணமும் ஆட்களும் உள்ள இடத்திலேயே அதுதான் நிலைமை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மருத்துவர் ஓபியில் 60 பேரைப் பார்க்கிறார். ஆளுக்கு 2 நிமிடம் கூடினால் 120 நிமிடம். அந்த இரண்டு மணி நேரத்தை யார் கொடுப்பது? கைக்கடிகாரத்தோடு அவர் அறையில் ஒரு காலை முழுக்க உட்காருங்கள். எந்த இடத்தில் கை நிற்கிறது, எந்தப் பெட்டியை நிரப்ப எரிச்சலாகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாரசிட்டமால் 650, 1-0-1, மூன்று நாள் என்று அவர் கையால் எழுத ஐந்து நொடி. திரையில் ஏழு தடவை அழுத்த வேண்டியிருந்தால் அவர் எழுதத்தான் செய்வார். அவர் அடிக்கடி கொடுக்கும் முப்பது மருந்துகளை ஒரே அழுத்தில் வரும்படி வைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு பேசுங்கள்.

ஒன்றை மட்டும் அனுமதிக்காதீர்கள்: பெரிய டாக்டரின் லாகினில் ஜூனியர் உட்கார்ந்து தட்டுவது. அலர்ஜி எச்சரிக்கை திரையில் வந்தால் அதைப் பார்க்க வேண்டியவர் பார்க்கமாட்டார்.

திருநெல்வேலி, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்: 12 வருடத் தரவு இருக்கிறது. ஒரே நோயாளிக்கு நான்கைந்து எண்கள். மென்பொருளே ஒன்றுசேர்த்துவிடும் என்கிறார்கள்.

மென்பொருளிடம் அதை விடாதீர்கள்! நம் பெயர்களுக்கு அந்த வேலை ஒத்துவராது. எஸ். முருகன், முருகன் எஸ்., முருகன் சுப்பையா மூவரும் ஒரே ஆளாக இருக்கலாம். அப்பனும் மகனும் பேரனும் ஒரே கைபேசி எண்ணைக் கொடுத்திருப்பார்கள். பிறந்த தேதிக்குப் பதில் "வயது 45" என்று மட்டும் இருக்கும். ஒருவருக்கு இரண்டு எண் இருந்தால் தொந்தரவு, அவ்வளவுதான். இரண்டு பேரை ஒருவராக்கிவிட்டால் ஒருவரின் ரத்த வகை மற்றவருடைய கோப்பில் ஏறிவிடும். மென்பொருள் சந்தேகப் பட்டியல் மட்டும் தரட்டும், சேர்ப்பதை உங்கள் பிரிவு ஆளே செய்யட்டும்.

கடைசி இரண்டு வருடத்தில் வந்துபோனவர்களை மட்டும் புதிதில் ஏற்றுங்கள். பழையது படிக்க மட்டும் திறந்தபடி இருக்கட்டும். 14 இலக்க ஆபா எண் (மத்திய அரசின் மின்னணு சுகாதார அடையாள எண்) கொண்டுவருபவர்களிடம் வாங்கிப் பதிவுசெய்யுங்கள். ஆனால் அது விருப்பத்தின் பேரில்தான், அது இல்லையென்று யாரையும் கவுண்டரிலிருந்து திருப்பி அனுப்பக் கூடாது.

சென்னை, மருத்துவமனைக் குழும நிர்வாகி: 11 கிளைகளுக்கும் தலைமையகமே ஒரே முறையைத் தேர்ந்தெடுத்துத் தந்துவிட்டால் செலவு குறையாதா?

இங்கிலாந்து 2002-இல் தேசிய அளவில் அதைத்தான் செய்தது. மருத்துவமனைகளைச் சரியாகக் கேட்காமலே ஒப்பந்தங்கள் போட்டார்கள். பல பில்லியன் பவுண்டு செலவுக்குப் பிறகு 2011-இல் அந்தத் திட்டத்தைக் கலைப்பதாக அறிவித்தார்கள். அதிலும் ஒன்று நன்றாக நடந்தது: எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைத் திரையில் பார்க்கும் வசதி நாடு முழுக்க வந்துசேர்ந்தது. ஃபிலிம் தேடி அலுத்த மருத்துவர்களுக்கே அது தேவைப்பட்டது என்பதைத்தான் நான் காரணமாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒரு சிஸ்டரையும் ஒரு லேப் டெக்னீஷியனையும் தேர்வுக்குழுவில் உட்காரவையுங்கள்.

சேலம், சிஸ்டம் அட்மின்: தினமும் பேக்கப் எடுக்கிறோம். போதுமா?

எடுத்த பேக்கப்பை எப்போதாவது வேறொரு சர்வரில் திறந்து பார்த்தீர்களா? பார்க்காதவரை அதை நம்ப வேண்டாம். அதில் ஒரு பிரதி நெட்வொர்க்கோடு சேராமல் தனியாக இருக்க வேண்டும். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் வகை மென்பொருள்) முடக்கியது. ஓபி, லேப், பில்லிங் எல்லாம் பல நாட்கள் கையால்தான் நடந்தன. அங்கே கையால் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். உங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் காகித டிரக் சார்ட் (மருந்துப் பதிவுத் தாள்) நிரப்பத் தெரியுமா? வார்டுக்கு ஒரு சிவப்புக் கோப்பில் வெற்றுப் படிவங்கள் வைத்து, வருடத்தில் இரண்டு முறை ஒரு மணி நேரம் மென்பொருள் இல்லாமல் நடத்திப் பாருங்கள்.

தஞ்சாவூர், ஸ்டாஃப் நர்ஸ்: அக்கா, ஹாலில் ஒரு மணி நேரம் டிரெயினிங் கொடுத்தார்கள். இப்போது நோட்டிலும் எழுதுகிறோம், கணினியிலும் ஏற்றுகிறோம். ஷிப்ட் முடிந்து கிளம்பவே ஒன்றரை மணி நேரம் ஆகிறது.

நீங்கள் சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது. போன வருடம் ஒரு வார்டில் இரவு இரண்டு மணிக்கு நின்று பார்த்தேன். ஒரு சிஸ்டர் ஆறு பேருக்குச் சுகர் பார்த்து, எண்களைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனார். கணினி வார்டின் அந்தக் கோடியில் ஒன்றே ஒன்று. நடுவில் ஒரு படுக்கையில் வாந்தி, துடைத்துவிட்டுக் கை கழுவினார். நான்காவது எண் அழிந்துபோயிற்று. திரும்பிப்போய் அந்தத் தாத்தாவை எழுப்பி இன்னொரு தடவை விரலில் குத்தினார். இது அவர் தவறே இல்லை.

இதை உங்கள் நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட் வழியாக எழுத்தில் கேளுங்கள்: வார்டுக்கு இரண்டு டேப் அல்லது தள்ளிக்கொண்டு போகும் ஒரு கணினி. ஹாலில் இல்லாமல், உங்கள் வார்டிலேயே, உங்கள் ஷிப்டில், இரவு ஷிப்டிலும், இரண்டு வாரம் கூடவே நிற்கிற ஓர் ஆள். பிறகு, எந்த நோட்டு எந்தத் தேதியோடு நிற்கிறது என்று ஒரு பட்டியல். "ஆடிட்டில் கேட்பார்கள்" என்று சொல்லியே பல நோட்டுகளை வைத்திருப்பார்கள். குவாலிட்டி பிரிவை வார்டுக்குக் கூப்பிட்டு, நோட்டுகளை மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் யார் கேட்கிறார்கள் என்று நேராகக் கேளுங்கள். நான் இப்படிச் செய்த ஒரு வார்டில் 19 நோட்டுகள் இருந்தன. அன்று மாலையே ஏழு நோட்டுகளை எடுத்துவிட்டோம்.