சவுலுக்குத் தாவீதைத் தெரியுமா, தெரியாதா?

பைபிளின் 1 சாமுவேல் நூலில், இஸ்ரவேலின் ராஜா சவுல் ஏற்கெனவே அறிந்த தாவீதையே யாரென்று கேட்பது குழப்புகிறதா? குழப்பம் உங்கள் வாசிப்பில் இல்லை, நூலிலேயே இருக்கிறது. 1 சாமுவேல் 16-இல் சவுலுக்குச் சுரமண்டலம் வாசித்து ஆயுததாரியாகவும் ஆன தாவீதை, 17:55-இல் அதே சவுல் "இவன் யாருடைய மகன்?" என்று தன் படைத்தலைவன் அப்னேரிடம் கேட்பது, பெரும்பாலும் இரண்டு தனிக் கதைகள் ஒன்றாகத் தைக்கப்பட்டதால்தான்.

ஒன்று செய்து பாருங்கள். 17:11-ஐப் படித்துவிட்டு நேரே 32-க்குத் தாவுங்கள். பெலிஸ்த வீரன் கோலியாத்தின் சவாலைக் கேட்டுச் சவுல் கலங்கி நிற்கிறான். பக்கத்திலிருக்கும் தாவீது "நான் போகிறேன்" என்கிறான். ஒரு இடறலும் இல்லை! பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் 4-ஆம் நூற்றாண்டு வத்திக்கான் பிரதியில் 17:12-31 பகுதியும், 17:55 முதல் 18:5 வரையும் கிடையாது. அண்ணன்மாருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் ஆட்டிடையன் கதை அந்த விடுபட்ட பகுதியில்தான் வருகிறது. தாவீது சவுலிடமிருந்து ஆடு மேய்க்கத் திரும்பிப் போனதாகச் சொல்லும் 17:15, எனக்கு ஒட்டுப்போட்ட தையலாகவே படுகிறது.

ஆனால் இதையே முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முரண்பாட்டை மறைக்கக் கிரேக்கப் பிரதிதான் வெட்டியது என்போரும் உண்டு. கோலியாத்தை வெல்பவனின் தகப்பன் வீட்டுக்கு வரிவிலக்கு என்று 17:25 சொல்வதால், சவுல் விசாரித்தது குடும்பத்தைத்தான் என்பது இன்னொரு வாதம். "எனக்குத் தெரியாது" என்று அப்னேர் சத்தியம் செய்வதற்கும் அது ஓரளவு பொருந்தும்.