இரண்டாவது படி எதற்கு?

ஐயா, உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செல்கள் குளுக்கோஸை இரண்டாக உடைத்து ஆற்றல் எடுக்கும் கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளும் நொதிகளும் மனதில் நிற்பதே இல்லை. பாஸ்பேட் ஏற்றம், மாற்றியமாக்கல், ஆக்சிஜனேற்றம் என்று வினைகளை வகை பிரித்துப் படித்தால் போதுமா? மனப்பாடத்துக்குக் குறுக்குவழி உண்டா? நொதிப் பெயர்களைத் தமிழில் எழுதினால் மதிப்பெண் குறையுமா?

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

மதிப்பெண் விவகாரத்தை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். குறுக்குவழி என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. முதலெழுத்துகளைக் கோத்து ஒரு வாக்கியம் செய்து தரட்டுமா? தேர்வு முடிந்த மறுநாள் அதுவும் மறந்துபோகும்.

உங்கள்மேல் கோபமில்லை அம்மா. நானும் அப்படிப் படித்தவன்தான். வாய்மொழித் தேர்வில் பத்துப் படிகளையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். தேர்வாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இரண்டாவது படி எதற்கு?" என்றார். குளுக்கோஸ்-6-பாஸ்பேட், ஃபிரக்டோஸ்-6-பாஸ்பேட் ஆகிறது. ஓர் அணு கூடவில்லை, குறையவில்லை. அப்புறம் எதற்கு? முழித்தேன். அவரும் சொல்லித் தரவில்லை, "போகலாம்" என்றார்.

பல மாதம் கழித்து, தாளில் கார்பன்களுக்கு 1 முதல் 6 வரை எண் போட்டு வரைந்தபோதுதான் பிடிபட்டது. ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கிறதே ஒரு கார்பன், சங்கிலி எங்கே அறுபடும் என்பது அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அதை விட்டு, அடுத்த இரண்டு கார்பன்களுக்கு நடுவில்தான் வெட்டு விழும். குளுக்கோஸில் அது 1ஆம் கார்பன். அப்படியே வெட்டினால் 2க்கும் 3க்கும் நடுவே அறுந்து, ஒரு துண்டில் இரண்டு கார்பன், மற்றதில் நான்கு. இரண்டுக்கும் தனித்தனிப் பாதை வேண்டியிருக்கும். ஃபிரக்டோஸில் அது 2ஆம் கார்பன். வெட்டு 3க்கும் 4க்கும் நடுவே. சரிபாதி!

அந்தப் பாதிகளும் அச்சு அசல் ஒன்றல்ல. ஐந்தாவது படியில் ஒன்றை மற்றதாக மாற்றியதும் இரண்டுக்கும் ஒரே பாதை போதும். கவனித்தீர்களா, இரண்டாவது படியில் நடந்ததே இங்கே திருப்பிப் போட்டு நடக்கிறது.

வகை பிரிப்பதெல்லாம் சரி, செய்யுங்கள். ஆனால் முதலில் ஒரு தாளை எடுத்து ஒன்பதாவது படியை வரையுங்கள். ஒரு நீர் மூலக்கூறு வெளியேறியதும், அதுவரை சும்மா ஒட்டிக்கொண்டிருந்த பாஸ்பேட் பத்தாவது படியில், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறை உருவாக்கும் அளவுக்கு ஏன் துடிக்கிறது? பதிலை எனக்கு எழுதுங்கள். நொதியின் பெயர் வேண்டாம்.