போன் ஸ்கேனில் (எலும்பு ஸ்கேன்) கறுப்புப் புள்ளி இருந்தால் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று அர்த்தமா?

இல்லை, அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய், ஸ்கேனில் விலா எலும்பில் புள்ளிகள், டாக்டரைப் பார்க்க இன்னும் நான்கு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நான்கு நாள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

என் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டியவர். அவருக்கும் இதே நோய்தான். ஸ்கேன் எடுக்கத் திருவனந்தபுரம் போனோம். காலையில் கையில் ஊசி போட்டார்கள். மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும், நிறைய வெள்ளம் குடிக்க வேண்டும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும் என்றார்கள். பட்டினி தேவையில்லை. படுக்க வைக்கும் முன் அரைஞாண் கயிற்றில் இருந்த தாயத்தைக் கழற்றச் சொன்னார்கள். உலோகம் மறைத்தால் அந்த இடத்துப் படம் விழாதாம். வேட்டியையும் மாற்றச் சொன்னார்கள். ஒரு சொட்டு சிறுநீர் பட்டிருந்தாலும் படத்தில் புள்ளியாக விழுந்துவிடுமாம்.

ரிப்போர்ட்டை பஸ்ஸிலேயே பிரித்தேன். வலது பக்கம் அடுத்தடுத்து மூன்று விலா எலும்புகளிலும் இடுப்பு முதுகெலும்பிலும் 'அப்டேக்' (ஊசி மருந்தை எலும்பு இழுத்துக்கொள்வது) கூடுதல் என்று இருந்தது. களியக்காவிளை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வாரம் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "அப்பா எங்கேயாவது விழுந்தாரா?" நான் இல்லை என்றேன். அம்மாதான், "ஆடி மழையில தோட்டத்துல வழுக்கி விழுந்தாருல்லா மக்கா, வைத்திய ஆசான்கிட்ட கொண்டு போய் எண்ணெய் போட்டு கட்டுனோமே" என்றார். எக்ஸ்ரே எடுக்காததால் எனக்கு அது நினைவிலேயே இல்லை. அடுத்தடுத்த விலா எலும்புகளில் ஒரே நேர்கோட்டில் புள்ளி விழுந்தால் பெரும்பாலும் அடிபட்ட எலும்பு முறிவுதான் என்று டாக்டர் விளக்கினார். பரவிய நோய் என்றால் பொதுவாக ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும், அல்லது விலா எலும்பின் நீளத்துக்கு ஓடும்.

முறிவும் புள்ளியாகத் தெரியக் காரணம் எளிது. ஊசியில் போடுவது டெக்னீசியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருளை எம்டிபி என்ற பாஸ்போனேட் சேர்மத்தோடு இணைத்தது. புது எலும்பு எங்கே வேகமாக உருவாகிறதோ அங்கே அது போய் ஒட்டும். இடிந்த சுவரில் கொத்தனார் வேலை செய்வதைத்தான் இந்த ஸ்கேன் காட்டும், இடித்தது யார் என்று காட்டாது. புற்றுநோய், எலும்பு முறிவு, மூட்டுத் தேய்மானம், பல் பிடுங்கிய தாடை எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் போல எலும்பை அரிக்க மட்டும் செய்யும் நோய் இதில் தெரியாமலும் போகலாம்.

ஆனால் உங்களிடம் மறைக்க மாட்டேன். என் அப்பாவின் முதுகெலும்பில் இருந்தது நிஜமாகவே பரவல்தான். எம்ஆர்ஐ எடுத்து உறுதி செய்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி, அந்த எலும்புக்குக் கதிர்வீச்சு. சில வாரத்தில் வலி குறைந்து, திண்ணையில் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தார்.

ஊசிக் கதிரியக்கம் அப்பாவைக் கெடுக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். உடம்பில் சேர்வது சுமார் 4 மில்லிசீவெர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). உலகச் சராசரியாக ஒருவர் ஓராண்டில் இயற்கையிலிருந்து பெறுவது 2.4. கதிரியக்கமுள்ள தோரியம் கலந்த மணவாளக்குறிச்சி கடற்கரை மணல் பக்கம் வாழ்கிறவர்கள் அதைவிடக் கூடுதலாகவே வாங்குகிறார்கள். டெக்னீசியம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும், மறுநாள் காலை பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். அன்று ஒரு நாள் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காமல் இருந்தால் போதும். என் தங்கையின் குழந்தை வீட்டில் இருந்ததால் அப்பா அன்று திண்ணையில் படுத்தார்.

புராஸ்டேட் புற்றுநோய் செல்களையே தேடிக் காட்டும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். பரவும் ஆபத்து அதிகமுள்ள புராஸ்டேட் நோயாளிகளிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில் அதன் துல்லியம் 92 சதவீதம். சிடியும் போன் ஸ்கேனும் சேர்ந்து 65 சதவீதம்தான். எல்லோருக்கும் தேவைப்படாது, செலவும் கூடுதல்.

இந்த நான்கு நாளில் ஒரு வேலை செய்யுங்கள். கடந்த இரண்டு மூன்று வருடத்தில் அப்பா எங்கே விழுந்தார், எந்த மூட்டு வலித்தது, எப்போது பல் எடுத்தார் என்று அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். அப்புறம் ஒன்று. முதுகு வலியோடு கால் மரத்துப் போனாலோ, நடக்கத் தடுமாறினாலோ, திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ நான்காம் நாள் வரை காத்திருக்காதீர்கள். தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். நடு இரவானாலும் வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.