விசாரிக்காமல் உதவலாமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, எங்கள் சபையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு சகோதரி இருக்கிறார். சில மாதங்களாக ஆராதனைக்குத் தாமதமாக வந்து, ஆசீர்வாதம் கூறும் முன்பே எழுந்து போய்விடுகிறார். கிறிஸ்துமஸ் கீத பவனிக்கும் வரவில்லை. சிலர் பெருமை என்கிறார்கள். சிலர் சோம்பல் என்கிறார்கள். கேட்டால், "ஒன்றுமில்லை" என்கிறார். அவருடைய பிரச்சினையை எப்படித் தெரிந்துகொள்வது? ஜெபக் கூட்டத்தில் சொல்லலாமா?

— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புத் தங்கையே, அதைத் தெரிந்துகொண்டுதான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை.

நீலகிரியில் செவிலியராக வேலை பார்த்தவள் நான். இந்த மலையின் ஆதிவாசி மக்களிடம் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தக் கோளாறு இருப்பது 1952-லேயே மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்து சேர்ந்தால் ரத்தசோகை நோயாகிறது. சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கும். எலும்புக்குள் வலி பிடுங்கும். குளிரும், போதிய தண்ணீர் குடிக்காததும் அந்த வலியைக் கிளப்பிவிடும். மார்கழிப் பனியில் அப்படித் துடிப்பவருக்கு வெளியே ஒரு காயமும் தெரியாது. "சோம்பேறி" என்று அவர்கள் கட்டிலருகே நின்றே சிலர் பேசக் கேட்டிருக்கிறேன், நெஞ்சு கொதித்திருக்கிறது. உங்கள் சகோதரிக்கும் இதே நோய் என்று நான் சொல்லவில்லை. கடனாக இருக்கலாம், கணவரின் குடியாக இருக்கலாம், யாரிடமும் சொல்லாத கருச்சிதைவாகவும் இருக்கலாம்.

வேதாகமத்தில், பிள்ளையில்லாத அன்னாள் சீலோவிலுள்ள ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்தபோது, ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடிவெறியில் இருப்பவளென்று நினைத்துக் கடிந்துகொண்டான். "நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்று, அழுகையின் நடுவே அவள் தன்னை விளக்க வேண்டியதாயிற்று. துக்கத்தில் இருப்பவரிடம் விளக்கம் வாங்குவது பெருங்கொடுமை. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பிப் படுத்திருந்தபோது வந்த தூதனோ, எதையும் விசாரிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. எழுந்து சாப்பிடச் சொன்னான். எலியா திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் வந்து சாப்பிடச் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்தான் வருகிறது. அதையும் கேட்டவர் கர்த்தர்.

ஆகவே, அவர் தாமதமாக வந்தால் திரும்பிப் பார்க்காமல் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுங்கள். ஒரு நாள் அவரைக்கொட்டைக் குழம்பு வைத்தால் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுங்கள். வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்தாலும் போதும். சந்தைக்குப் போகும்போது, "உங்களுக்கும் ஏதாவது வாங்கி வரட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படாமல் அடுத்த வாரமும் கேளுங்கள்.

ஜெபக் கூட்டத்தில் சொல்லவே வேண்டாம். ஜெப விண்ணப்பமாக வெளியே வந்த செய்தி மறுநாளே ஊர்ப்பேச்சாகி, சிலர் சபைக்கு வருவதையே நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.

"வாழப் பிடிக்கவில்லை" என்று அவர் சொன்னால் மட்டும் இரகசியம் காக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மருத்துவமனைக்குப் போகவேண்டியிருந்தால் வேறொருவரை அனுப்பாமல் நீங்களே கூடப் போங்கள்.