குழந்தை அம்மா மடியில் இருக்கும்போதே பாதிப் பரிசோதனை முடிந்துவிடும்

கேள்வி: அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரே நேரத்தில் நாலைந்து குழந்தைகள் வந்தால் யாரை முதலில் பார்ப்பது என்று நர்ஸ் எப்படி முடிவு செய்கிறார்? எங்கே வலிக்கிறது என்று சொல்லக்கூடத் தெரியாத வயதாயிற்றே?

நான் 11 வருடமாக நர்ஸ். அதில் 7 வருடம் குழந்தைகள் அவசரப் பிரிவில்.

வாசலில் இருந்து என் மேஜைக்கு வந்து சேர்வதற்குள் பாதி தெரிந்துவிடும். நான் கிட்டே போகாமல் நின்று பார்ப்பதைக் கண்டு சில அப்பாக்களுக்குக் கோபம் வரும். "என்ன சிஸ்டர், சும்மா வேடிக்கை பாத்துட்டு நிக்கிறீங்க?" என்பார்கள். கை வைத்தால் குழந்தை அழும். அழுதால் மூச்சும் நாடியும் எகிறிவிடும், அதற்கப்புறம் எண்ணி எழுதும் எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் தொடுவதற்கு முன்பே மூன்றைப் பார்த்துவிட வேண்டும்: குழந்தையின் தெளிவு, மூச்சு, தோலின் நிறம். பயிற்சியில் இதை ஒரு முக்கோணமாக வரைந்து சொல்லித் தருவார்கள். அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது.

தெளிவு என்றால், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பி அம்மா தோளில் புதைத்துக்கொள்கிறதா? நல்லது. வீல் என்று கத்துகிறதா? அதுவும் நல்லது. கத்துவதற்கு மூச்சும் தெம்பும் வேண்டும். துணி மாதிரி தோளில் தொங்கிக்கொண்டு, யார் வந்தாலும் போனாலும் கண்ணைக்கூடத் திருப்பாத குழந்தைதான் எங்களுக்குப் பயம். "ரொம்ப சமத்து சிஸ்டர், ஊசி போட்டப்பகூட அழலை" என்று ஒரு பாட்டி பெருமையாகச் சொன்னால், வரிசையை விட்டு அந்தக் குழந்தையைத்தான் முதலில் உள்ளே தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

மூச்சுக்குச் சட்டையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அம்மாவையே தூக்கச் சொல்வேன். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் வருகிறதா என்று பார்த்துவிட்டு முழுதாக ஒரு நிமிடம் எண்ணுவேன். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வேக மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. கைக்குழந்தைகள் கொஞ்ச நேரம் வேகமாக மூச்சு விட்டு, நடுவில் சில வினாடி நிறுத்தி, மறுபடி தொடங்கும்.

இளைப்போடு வந்த குழந்தையை நாங்கள் கட்டிலில் படுக்க வைக்க மாட்டோம். அம்மா மடியில் உட்கார்ந்திருப்பதுதான் அதற்கு மூச்சு விடச் சுலபம். மாஸ்க்கை முகத்தில் கட்டினால் பிய்த்து எறியும், அந்தப் போராட்டத்திலேயே மூச்சு இன்னும் மோசமாகும். ஆக்சிஜன் குழாயை அம்மா கையில் கொடுத்து மூக்குக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிவிடுவேன்.

தோலைப் பற்றிச் சொல்லும்போது என் தப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பிரிவுக்கு வந்த புதிது, முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனை. ஏழு வயதுப் பையன், காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள். "காய்ச்சல் நேத்தே விட்டுடுச்சு, வயித்து வலிதான் தாங்க முடியலங்கறான்" என்றார் அம்மா. தொட்டேன், நெற்றி சில்லென்று இருந்தது. பி.பி. மேல் அளவு 100. ஏழு வயதுக்கு நல்ல அளவுதானே என்று அதை மட்டும் எழுதிவிட்டு வெளியே உட்காரச் சொன்னேன். கால் மணி நேரம் கழித்து சீனியர் சிஸ்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, "கீழே எவ்வளவு?" என்று கேட்டார். 84. அதை நான் எழுதவே இல்லை.

அவர் எழுந்து போய்ப் பையனின் விரலை ஐந்து வினாடி அழுத்திப் பிடித்து விட்டார். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும், நான்கு வினாடிக்கு மேலும் சிவக்கவில்லை. பாதம் ஐஸ் மாதிரி இருந்தது, நாடி 140. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். ரத்தத்தில் உள்ள நீர் குழாய்களை விட்டுக் கசியத் தொடங்கும். குழந்தையின் உடம்பு கை காலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, இதயத்தை வேகமாக ஓட்டி, பி.பி.யைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கும். அதனால் மேல் அளவு இறங்கும்வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்தாலே டெங்குவில் அது ஷாக்தான், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராத நிலை. அவனுக்கு 16.

உள்ளே தூக்கிப் போனோம். ட்ரிப்ஸ் போட்டு, எடைக்குத் தகுந்த அளவை ஒரு மணி நேரத்தில் ஏற்றி, மணிக்கொரு முறை பார்த்துப் பார்த்துக் குறைத்தார்கள். இதில் அவசரப்பட்டு அள்ளி ஊற்றவும் முடியாது, ஏற்றுகிற நீரும் கசிந்து நெஞ்சில் சேர்ந்துவிடும். பையன் பிழைத்து வீட்டுக்குப் போனான். அன்றிலிருந்து எந்தக் குழந்தை வந்தாலும் நெற்றியைத் தொடுவதற்கு முன் பாதத்தைத் தொடுகிறேன். திருஷ்டிக்கு உள்ளங்காலில் வைத்த மை என் விரலில் ஒட்டிக்கொள்ளும், பரவாயில்லை.

அப்புறம் கேள்விகள். நான் தவறாமல் கேட்பது, "கடைசியா எப்போ ஒன்னுக்குப் போனான்?" பேதியோ வாந்தியோ காய்ச்சலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் உள்ளே தண்ணீர் பற்றாமல் இருக்கலாம். கைக்குழந்தை என்றால் உச்சிக்குழியைத் தடவிப் பார்ப்பேன். பள்ளமாக இருந்தால் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். தினமும் எண்ணெய் வைக்கும் பாட்டிகள் இதை நமக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள், அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது நல்லது.

அடுத்து எடை. பெரியவருக்கு ஒரு மாத்திரை என்று கொடுத்துவிடலாம், குழந்தைக்கு எல்லாமே கிலோ கணக்கு. எடை பார்க்க நேரமே இல்லாதபோது வயதோடு நான்கைக் கூட்டி இரண்டால் பெருக்கி ஒரு தோராயம் வைத்துக்கொள்வோம். உயரத்தை அளந்து எடை சொல்லும் நிற நாடாவும் உண்டு. அது அமெரிக்கக் குழந்தைகளை வைத்துச் செய்தது, நம்மூர் ஒல்லிக் குழந்தைக்கு எடையைக் கூட்டிச் சொல்லிவிடலாம். எனக்குத் தராசு மேல்தான் நம்பிக்கை.

வீட்டிலும் இந்தக் கணக்கில்தான் தப்பு நடக்கிறது. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், சாதாரண சிரப்பில் ஐந்து மில்லியில் 125. அதாவது சொட்டு மருந்து நான்கு மடங்கு வீரியம். 10 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 150 வேண்டுமென்றால் சிரப்பில் 6 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லிதான். சிரப் அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சலோடு வரும்போது கொடுத்த பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். "ஏதோ பிங்க் கலர் மருந்து" என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது.

காய்ச்சல் வலிப்புக்குக் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டு வருவது இன்னும் நிற்கவில்லை. சாவியால் பெரிய கெடுதல் இல்லை, பல்லுக்கு நடுவே ஸ்பூன் வைப்பதுதான் கெடுதல். ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பாருங்கள். பெரும்பாலும் சில நிமிடத்தில் தானே நின்றுவிடும், ஐந்து நிமிடம் தாண்டினால் மருந்து தேவைப்படும். முதல் தடவை என்றால் நின்ற பிறகும் கூட்டி வந்துவிடுங்கள்.

ஊசி போடும்போது அம்மா பக்கத்தில் இருக்கலாமா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். இருக்கலாம். எனக்கு அதுதான் வசதியும்கூட. குழந்தையின் கையை நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருங்கள். ஒன்றே ஒன்று, வீட்டில் சாப்பிட அடம் பிடிக்கும்போது "சிஸ்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டாதீர்கள். நான் வெறும் டார்ச்சோடு வந்தாலே அது கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.